மிதுலா இங்கே இல்லை

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் இந்தக் கொப்பியில் சரித்திரம் எழுதப்படுகிறது. எழுதுபவர் திருவாளர் பொன்னம்பலம் சிவகடாட்சம், ஒஸ்லோ நகரத்துப் பாடசாலை ஒன்றின் மாலைநேரத் துப்புரவுத் தும்புத்தடிச் சக்கரவர்த்தி. எழுதப்படுபவள் என் அக்காவின் மகள் மிதுலா. நூறு மீற்றர் ஓடுகிறாள். ஓடுகிறாள் என்றா சொன்னேன்? அவள் புறப்பட்டால் அவளுடைய நிழல் பின்னால் பஸ் பிடித்துத்தான் வந்து சேர வேண்டும்.

பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். ஒன்பது வயதில் அக்காவோடும் என்னோடும் இந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வந்து இறங்கினாள். சிவப்புக் கடவுச்சீட்டு போன ஐப்பசியில்தான் கைக்கு வந்தது. இனி அவள் நோர்வேக்காரி. வருகிற கோடையில் நோர்வேயின் சட்டை போட்டுக்கொண்டு ஐரோப்பியப் போட்டியில் ஓடப் போகிறாள். அரசர் வந்து என்னிடம் கைகுலுக்க விரும்பினால் மாலை வேலை இல்லாத நாளாகப் பார்த்து வரட்டும்.

ஒரே ஒரு தொல்லை. ஊக்கமருந்து பாவிக்கிறார்களா என்று பார்க்கும் சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் எங்கே இருப்பாள் என்று மிதுலா தொலைபேசியில் பதிந்து வைக்க வேண்டும். அவள் பதிந்திருப்பது காலை ஆறிலிருந்து ஏழு, இந்த வீடு. அந்த நேரம் வந்து ஆள் அகப்படாவிட்டால் ஒரு குற்றம். ஒரு வருடத்துக்குள் மூன்று குற்றம் சேர்ந்தால் இரண்டு வருடம் ஓட முடியாது. முதலாவது மார்கழியிலேயே வந்துவிட்டது. பேர்கன் நகரத்தில் மச்சாள் மகளின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போய், நாற்பது சொந்தக்காரர்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தவள், இடத்தை மாற்றிப் பதிய மறந்துபோனாள்.

"மாமா, அம்மா விடியக் கருக்கலில பேக்கரிக்குப் போயிடுவா. நீங்கள்தான் வீட்டில நிக்கிற ஆள். மணி அடிச்சால் என்னை எழுப்புங்கோ. நான் காதுக்குள்ள பஞ்சு வைச்சுத்தான் படுக்கிறனான்."

"ஏன் பஞ்சு?"

"உங்கட குறட்டைக்கு."

"பிள்ளை, மணி அடிச்சால் நான் சிங்கம் மாதிரிப் பாய்ஞ்சு கதவைத் திறப்பன்."

"சிங்கம் வேண்டாம். மாமா போதும்."

பெப்ரவரி 5, வியாழன்

பனி. கோதுமை மா முடிந்துவிட்டது. மிதுலா கட்டடத்துப் படிகளில் ஏறி ஓடிப் பழகினாள். நான் லிப்ற்றில் ஏறி அவளை முந்தப் பார்த்தேன். நாலாம் மாடியில் லிப்ற்றுக் கதவு திறந்தபோது அவள் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 11, புதன்

இன்று காலை இந்த வீட்டு வாசலில் ஒரு போர் நடந்தது. வென்றவர் அடியேன்.

முதலில் ஒரு விளக்கம். இந்த வீட்டில் கதவு என் இலாகா. அக்கா கதவுப் பக்கம் போகவே மாட்டாள். மணி அடித்தால் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். ஆகவே வருகிறவர்களைச் சமாளிப்பது நான். மின்சார மானி பார்க்க வந்தவனிடம் இந்த வீட்டில் மின்சாரமே இல்லை என்று சொல்லி அனுப்பியவன் நான். அக்காவுக்குக் கனடாவிலிருந்து வந்த சேலைப் பொதி இரண்டு தரம் திரும்பிப் போய் வந்ததும் என் திறமையினால்தான்.

இன்று விடியமுன் மணி அடித்தது. கீழ் வாசலோடு கதைக்கச் சுவரில் தொங்கும் பேசியை எடுத்தேன். கீழ் வாசலில் ஒரு பெண் குரல். தாளைப் பார்த்து வாசிக்கும் குரல். "மிதுலா தவராசா?" என்றது. அப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாக.

அப்படி வாசித்துக் கேட்கும் குரலுக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "இங்கே இல்லை" என்றேன். எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பேசியை வைத்தேன். விளக்கை அணைத்தேன். மறுபடி மணி அடித்தது. சத்தத்தைக் குறைக்க அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது என்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தேன். இரண்டு பேர். தோளில் பை. கையில் தாள். வேதப் புத்தகம் விற்பவர்களாக இருக்கும். நெடுநேரம் நின்று, காலை மாற்றி மாற்றிக் குளிரில் மிதித்துவிட்டுப் போனார்கள்.

பிள்ளை ஒன்றும் அறியாமல் நித்திரை. அதுதான் வெற்றி.

மத்தியானம் பருப்பும் கீரையும். உப்புக் கூடிவிட்டது.

பெப்ரவரி 12, வியாழன்

வேதப் புத்தகக்காரர்கள் அல்ல.

மிதுலாவுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நேற்றுக் காலை சோதனைக்காரர்கள் வந்தார்களாம், ஆள் இல்லையாம், இரண்டாவது குற்றமாம்.

"நான் இஞ்சைதானே படுத்திருந்தனான்! மாமா, நேற்றுக் காலமை மணி அடிச்சதோ?"

"எந்த மணி?"

"கதவு மணி."

"இந்தக் கட்டடத்தில எத்தனையோ மணி அடிக்கும் பிள்ளை. கீழ்வீட்டில ஒண்டு, மேல்வீட்டில ஒண்டு..."

"ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ."

"இல்லை."

சரித்திர ஆசிரியர்கள் சில இடங்களைச் சுருக்கமாக எழுதிவிட்டு நகர்வது வழக்கம்.

பெப்ரவரி 13, வெள்ளி

சாப்பிடவில்லை. வாயுத் தொல்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

மிதுலாவின் பயிற்சியாளர் ஹில்டே, கதவு மணிதான் பழுது என்று முடிவுகட்டி, ஒரு மின்சாரக்காரனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆறடி உயரம், இடுப்பில் ஆயுதங்கள். அவன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தபோது என் குரல் உள்ளுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எனக்கு வியர்த்தது. மணி நன்றாக இருக்கிறது, சத்தத்தை மட்டும் யாரோ குறைத்திருக்கிறார்கள் என்றான். மிதுலா என்னைப் பார்த்தாள். நான் மின்சாரக்காரனைப் பார்த்தேன். மின்சாரக்காரன் பாவம், கடிகாரத்தைப் பார்த்தான்.

"தூசி துடைக்கேக்குள்ள கை பட்டிருக்கும்" என்றேன்.

பின்னேரம் ஹில்டேயே வந்தார். மிதுலா நித்திரையாக இருந்தாள், மணி கேட்கவில்லை என்று எழுதிப் போட்டிருக்கிறாராம். ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிக்கை இல்லையாம். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். மிதுலா எனக்காக அதைத் தமிழில் சொன்னாள்.

"ஆக்கள் இருந்தும் இல்லையெண்டு ஒளிச்சால் அது இதைவிடப் பெரிய குற்றமாம், மாமா. நாலு வருஷமாம்."

நாலு வருடம். நான் சொல்வதற்காகத் திறந்த வாய்க்குள் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடினேன்.

பெப்ரவரி 26, வியாழன்

ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு குற்றம் நிற்கிறது. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

இப்போது நான் ஒவ்வொரு நாளும் விடியமுன் எழுந்து, பேசிக்குக் கீழே சப்பாத்துப் பெட்டியில் உட்கார்ந்து கொள்கிறேன். அடுத்த முறை வருகிறவர்களுக்குச் சொல்ல மூன்று சொற்களைப் பாடமாக்கியிருக்கிறேன்: "ஆம். இருக்கிறாள். வாருங்கள்." என் நோர்வேஜிய மொழியில் வாளி, தும்புத்தடி, நன்றி, வழுக்கும் ஆகிய நான்கு காவியங்களே உண்டு. இதையும் சேர்த்தால் ஐந்து. இரண்டு லட்சம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வேலைக்குப் புறப்பட்ட அக்கா நின்று கேட்டாள்.

"தம்பி, ஆரோட கதைக்கிறாய்?"

"சுவரோட."

"என்ன சொல்லுறாய்?"

"வாருங்கோ எண்டு சொல்லிப் பழகுறன்."

அக்கா அந்தப் பேசியைப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டாமலே வெளியே போனாள், அந்தக் குளிருக்குள்.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் வரவில்லை. வராமல் விடுவார்களோ என்றும் பயம், வந்துவிடுவார்களோ என்றும் பயம். இரண்டு பயத்துக்கும் ஒரே நெஞ்சு. மிதுலா மண்டபத்துக்குள் நடந்த ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். தொலைக்காட்சியில் அவளை "எங்கள் மிதுலா" என்றார்கள். கோழிக்கறி வைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஆறு மணி தாண்டியதும் மணி அடித்தது. நான் தயாராக, பேசிக்குக் கீழேயே இருந்தேன். மூன்று சொற்களும் நாக்கு நுனியில் இருந்தன. பேசியை எடுத்தேன்.

"மிதுலா தவராசா?" என்று வாசித்தது அதே குரல்.

"இல்லை. அவள் இங்கே இல்லை" என்றது என் வாய். வெகு மரியாதையாக. "எங்கே போயிருக்கிறாள்?" "தெரியாது. வேறு ஊர்."

வாய் என்னுடையதுதான். அதை ஓட்டியது நான் இல்லை.

பேசியைத் திரும்பக் கொழுவ முடியவில்லை. கை விடவில்லை. பேசி கையில் இருக்கும்வரை மணியும் அடிக்காது. மிதுலாவின் அறைக் கதவு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. எழும்பு, தட்டு என்று கால்களுக்குச் சொன்னேன். நிலத்தில் வழுகி உட்கார்ந்தேன். இந்த இடத்தில் ஓர் உவமை போட வேண்டும். வரவில்லை. அப்படியே இருந்தேன். ஜன்னல் வெளுத்தது. அவர்கள் போகவில்லை, கீழே நின்று தங்களுக்குள் கதைப்பது பேசிக்குள்ளால் கேட்டது.

கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம். மிதுலா காதுப் பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன மாமா நிலத்தில இருக்கிறீங்கள்? நெஞ்சு நோகுதோ? உதேன் கையில?"

குனிந்து பேசியை என் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். காதில் வைத்தாள். நேரமாகிவிட்டது, போவோம் என்று கீழே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய முகம் எப்படிப் போனது என்று நான் எழுதப் போவதில்லை. "ஹலோ! ஹலோ!" என்று கத்தினாள். ஜன்னலுக்குப் பாய்ந்தாள். இரண்டு பேர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஓடினாள். சப்பாத்து இல்லை, செருப்பு இல்லை, இரவு உடுப்போடு நாலு மாடிப் படி.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நேற்று உருகிய பனி இராத்திரி இறுகிக் கார் தரிப்பிடம் முழுவதும் கண்ணாடியாகக் கிடந்தது. அவள் வெளியே வந்தாள். இவள் ஓடுவதைப் பற்றி நான் இதுவரை எழுதியதெல்லாம் வாய்க்கு வந்த புளுகு. இன்று கண்டதுதான் ஓட்டம். அழகாக இல்லை. இரண்டு கையையும் அகல விரித்து, பாதத்தைத் தட்டையாகப் பதித்து, கலைபட்ட கோழிபோல ஓடினாள். வழுக்கி விழுந்தாள். முழங்கால் அடிபட்ட சத்தம் எனக்கு நாலாம் மாடியில் கேட்டது. எழுந்தாள். காரின் பின்விளக்கு எரிந்தது. கார் அசைந்தது. அவள் முன்னால் போய் இரண்டு கையையும் பொனற்றில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

ஏழு மணி ஆவதற்கு ஒரு கண் இமைப்பு இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மூன்று பேருமாக மேலே வந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பெயர் பெரித். கூட ஒரு இளம் பெடியன். சிறுநீர் எடுக்க வேண்டும். மிதுலாதான் கொஞ்சம் முன்னர் எல்லாவற்றையும் தண்ணீர் இழுத்து அனுப்பிவிட்டாளே. ஆகவே தண்ணீர் குடித்துக் குடித்துக் காத்திருக்க வேண்டும், அதுவரை அவள் அவர்களுடைய கண்ணுக்கு மறையக் கூடாது. நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மிதுலாவின் முழங்காலில் ஒரு துவாய். பாதம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

பெரித் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார். அதில் "பெப்ரவரி" என்ற சொல் எனக்குப் புரிந்தது.

"மாமா" என்றாள் மிதுலா, மேசையைப் பார்த்தபடி. "இண்டைக்கு ஏன் நான் இல்லையெண்டு சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா. பெப்ரவரியிலயும் இதே குரல்தானாம். அதுவும் நீங்களோ எண்டு கேக்கிறா."

"நீ என்ன கேக்கிறாய், பிள்ளை?"

"நான் ஒண்டும் கேக்கேல்லை. நான் மொழிபெயர்க்கிறன்."

"ஓம். ரெண்டும் நான்தான்."

அவள் தண்ணீர்க் குவளையை வைத்தாள். பிறகு அதை அவர்களுக்குச் சொன்னாள். அவளுடைய குரல் தட்டையாக இருந்தது. பெரித் அடுத்த கேள்வி கேட்டார். இதுதான் அந்த நாலு வருடக் கேள்வி என்று எனக்கு விளங்கியது.

"நான் சொல்லச் சொன்னனானோ எண்டு கேக்கிறா."

"இல்லை. இவள் காதுக்குள்ள பஞ்சோட நித்திரை. இவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் என்னை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பாள் எண்டு சொல்லு."

"அப்ப ஏனாம்?"

நான் எதைச் சொன்னாலும் பத்தாயிரம் பேர், நூறு லொறி என்றுதான் வாயில் வரும். இது வரவில்லை. உள்ளதுதான் வந்தது.

"ஊரில சண்டை நடந்த வருஷம் எங்கட வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தினம். கையில தாள். முழுப் பேரை வாசிச்சினம். செழியன் தவராசா. இவளின்ர தமையன், பதினேழு வயசு. அக்கா பொய் சொல்லத் தெரியாத மனிசி. 'நிக்கிறான், கூப்பிடுறன்' எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு வந்து அவனிட்டை, 'தம்பி, உன்னைக் கேட்டு ஆக்கள் வந்திருக்கினம்' எண்டா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். கை கழுவிப்போட்டுப் போனான். அதுக்குப் பிறகு அவனை ஒருதரும் காணேல்லை. அண்டையிலயிருந்து கதவுக்கு நான்தான் போறது."

மிதுலா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவள், நடுவில் நின்றுவிட்டாள். அண்ணாவை வீதியில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தோம்.

"அம்மாவோ கூப்பிட்டு விட்டவ?"

"அதை நீ இவைக்குச் சொல்லத் தேவையில்லைப் பிள்ளை. வேற மாதிரி மாத்திச் சொல்லு."

அவள் குவளையிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு சொன்னாள். மாற்றாமல்தான் சொன்னாள். அம்மாவுக்கு நோர்வேஜிய மொழியில் "மம்மா", அந்தச் சொல் எனக்கும் விளங்கியது.

பெடியன் மேசையைப் பார்த்தான். பெரித் எழுதினார். வெகுநேரம் எழுதினார். எழுதிய தாளை என் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அவர்கள் போத்தல்களோடு போன பிறகு மிதுலா முழங்காலைக் கழுவினாள். நான் மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மாதிரிச் சொன்னனீங்கள், மாமா? நோர்வே மொழியில ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

சொல்லிக் காட்டினேன்.

"பதினைஞ்சு வருஷத்தில நீங்கள் பிழையில்லாமல் கதைச்ச ஒரே வசனம்" என்றாள். சிரிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அக்கா கேட்டாள், "முழங்காலில என்ன?"

"ஓடேக்குள்ள விழுந்திட்டன், அம்மா."

"பாத்து ஓடு."

மிதுலா அக்காவை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள். பிறகு கழுவாத கோப்பையெல்லாம் எடுத்துக் கழுவினாள். இந்த வீட்டில் அது வால்நட்சத்திரம் வருவதுபோல, எழுபது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது.

மார்ச் 18, புதன்

முடிவு வரவில்லை. அவளுடைய தொலைபேசி சிணுங்கும்போதெல்லாம் நான் கழுவிய கோப்பையை மறுபடி கழுவுகிறேன். ஒளித்தது என்று தீர்த்துவிட்டால் நாலு வருடம். அதற்குப் பிறகு ஓட்டக்காரிக்கு ஓட என்ன இருக்கிறது? வேறு வீடு பார்த்துப் போகிறேன் என்று மிதுலாவிடம் சொன்னேன்.

"போங்கோ. போற வீட்டில ஆரும் வந்தால் நீங்களே இல்லையெண்டு சொல்லிப்போடுவீங்கள். பிறகு உங்களை நாங்கள் எங்கை தேடுறது?"

போகவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

தீர்ப்பு. மிதுலா ஒளிக்கவில்லை என்று நம்புகிறார்களாம். நாலு வருடம் இல்லை! ஆனால் பெப்ரவரிக் குற்றத்தை நீக்க மாட்டார்களாம். வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைப்பது ஓட்டக்காரியின் பொறுப்பாம். ஆகவே மார்கழிவரைக்கும் இரண்டு குற்றம் தலைக்கு மேல் நிற்கும். கோடையில் ஓடலாம், அதற்குள் இன்னொரு காலைச் சோதனை தவறாவிட்டால்.

ஹில்டே தொலைபேசியில் அழுதாராம். மிதுலா அழவில்லை. தன் அறையிலிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து, நடையில், வாசல் கதவுக்கு நேரே போட்டாள். பஞ்சுப் பெட்டியைக் குப்பையில் போட்டாள்.

"குறட்டை?" என்றேன்.

"கேட்டுக்கொண்டு படுக்கிறன்."

வேலையால் வந்த அக்கா கதவைத் திறந்ததும் மெத்தையில் இடறினாள்.

"ஏன் உதுக்குள்ள படுக்கிறாய்?"

"மணி அடிச்சால் நானே திறக்கிறதுக்கு."

அக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து, கதவிடுக்கால் காற்று வராத பக்கம் மெத்தையைக் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

வந்தார்கள்.

மணி அடித்தபோது நான் என் அறையில் போர்வைக்குள் கிடந்தேன். எழ வேண்டாம் என்பது மிதுலாவின் கட்டளை, எனக்கும் ஆட்சேபணை இல்லை. அவள் பேசியை எடுப்பது கேட்டது. கீழேயிருந்து ஒரு குரல் பெயரை வாசித்தது. "ஆம், நான்தான். மிதுலா தவராசா. நாலாம் மாடி, இடது பக்கம், வாருங்கள்" என்று கட்டடம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். நான் போர்வையின் நுனியைக் கடித்துக்கொண்டேன்.

லிப்ற்று ஏறி வந்தது. கதவு திறந்தது. சப்பாத்துகள் உள்ளே வந்தன, இரண்டு சோடி. தாள் புரளும் சத்தம். அவளுடைய பிறந்த திகதியைக் கேட்டார்கள், சொன்னாள். கழிப்பறைக் கதவு. தண்ணீர். போத்தலின் மூடி இறுகுவது. பேனா. நன்றி என்றார்கள். நன்றி என்றாள். சப்பாத்துகள் வெளியே போயின. எத்தனை சோடி என்று எண்ணினேன், பிறகு எண்ணியது சரிதானா என்று சந்தேகம் வந்தது. கதவு சாத்தியது.

வீடு ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, பதில் வராவிட்டால் என்ன செய்வது?

பிறகு அடுப்படியில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

ஓம் என்று கட்டடம் முழுவதற்கும் கேட்கச் சொன்னேன்.